மூன்றாவது பையின் மணல்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து ஆறு நாள் ஆகிறது. இருமல் பாதி குறைந்துவிட்டது. மீதியைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதை நம்பி இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு, முன்னால் போடாதே.

அறை வசதிதான். கீழே ஐஸ் உடைக்கும் கூடம், மேலே நான். காலை ஆறு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கட்டில் நடுங்கும். கடிகாரம் தேவைப்படவில்லை. ஜன்னலுக்கு நேரே பாறை முனை தெரிகிறது. எப்போதோ எரிமலைக் குழம்பு கடல்வரை ஓடி வந்து உறைந்த இடம் அது. கரிய அறுகோணத் தூண்கள், பென்சில்களைக் கட்டி நிறுத்தியது போல. முனைக்கு இந்தப் பக்கம் ஆற்றின் முகத்துவாரம். அந்தப் பக்கம் ஒரு சிறு குடா, அதன் கரையில் நாற்பத்திரண்டு வீடுகள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் மணல் ஆய்வுக்கு என்னை அனுப்பினார்களே, அதே இடம். முப்பத்தாறு வருடம் ஆகிறது.

நேற்று மீன் ஏலக் கூடத்தின் சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். துறைமுகத்துக்கு அலைத் தடுப்புச் சுவர் கட்டுவதற்காகப் பாறை முனையை வெடிவைத்து உடைக்கப் போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் மே மாதக் கூட்டத்தில் சொல்லலாமாம். உடைத்தால் குடாவின் மணலுக்குப் பாதிப்பு இல்லை என்பதற்கு ஆதாரமாக ஒரு பழைய அறிக்கையைக் காட்டியிருக்கிறார்கள். அது நான் எழுதியது. என் பெயரைச் சுவரில் பார்த்ததும் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பெருமை வரவில்லை. மணலை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

உன் தம்பி

*

ஜனவரி 24

அன்புள்ள தம்பி,

முழங்காலைக் கேட்டாய். அது எனக்கு முன்பே எழுந்து எனக்கு முன்பே படுத்துவிடுகிறது. மற்றபடி சுகம். நீ கம்பளியை எடுத்துக்கொண்டு போனாயா? போயிருக்க மாட்டாய். எத்தனை கம்பளி என்று பட்டியல் எழுதிவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துப் போகிற ஆள் நீ.

உன் அறிக்கையைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாமே! அதை எழுதித்தானே உனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அப்பா அந்த ஆர்டரைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினார், ஞாபகம் இருக்கிறதா? அளவுகோல் அளவுகோல் என்று உன்னைக் கேலி செய்தவர்கள் எல்லாம் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களில் முதல் ஆள் நான்.

என் பிள்ளையிடம், அதான் உன் மருமகனிடம், சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினான். இப்போதெல்லாம் வேலை அதிகம் அவனுக்கு. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், அதில் பேசுகிறவள் ஒருத்தி.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே.

அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளி எடுத்து வரவில்லை. ஐஸ் கூடத்துக்காரர் ஒன்று கொடுத்தார். மீன் வாசனையோடு கதகதப்பாக இருக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் காலையிலும் தேவை.

இரண்டு வாரமாக மணலைப் பார்க்கிறேன். முகத்துவாரத்து மணல் வெளுப்பு. மலையிலிருந்து ஆறு கொண்டுவருகிற வெள்ளைக் கற்பொடி. நடுவில் மெல்லிய கறுப்புக் கோடுகள் உண்டு, காந்தத்தைக் காட்டினால் மீசைபோல ஒட்டிக்கொள்ளும். முனையை நெருங்க நெருங்க இந்தக் கறுப்பு சற்று அதிகமாகிறது. முனைக்கு அப்பால் போகத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைத் திட்டைத் தாண்ட வேண்டும், இல்லையேல் படகு வேண்டும். பாசி, வழுக்கல், அலை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததைப் பாறையில் சிப்பி எடுக்கும் ஓர் அம்மாள் கவனித்திருக்கிறாள். நாலாம் நாள் வந்து, "தினம் வந்து பாறைக்கு வணக்கம் சொல்லிட்டுப் போறீங்களே சார், வேண்டுதலா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "மூணு அலை பெருசா வரும். அப்புறம் ரெண்டு சோம்பேறி வரும். சோம்பேறி வரும்போது தாண்டிடணும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

குடாவின் மணல் வேறு, அக்கா. முழுக்கக் கறுப்பு. லென்ஸில் பார்த்தால் எரிமலைப் பாறையின் நொறுங்கல். இடையிடையே கண்ணாடிச் சில்லு போன்ற பச்சைத் துகள். அந்தப் பச்சை நெடுந்தூரம் ஆற்றில் உருண்டு வந்தால் பிழைக்காது, சிதைந்துவிடும். ஆக இந்த மணலைத் தருவது பாறை முனை. முனையை உடைத்து எடுத்துவிட்டால் குடாவுக்குப் புது மணல் வராது. மணல் இல்லாவிட்டால் அந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றும் இல்லை.

என் அறிக்கை, குடாவின் மணலும் ஆற்று மணலும் ஒன்றே என்கிறது. ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. நான்கு முறை சரிபார்த்தேன். ஐந்தாம் முறையும் பார்ப்பேன்.

உன் தம்பி

*

மார்ச் 2

தம்பி,

உன் இருமல் எப்படி? நான் நலம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ அங்கே உடம்பைத் தேற்றப் போனாயா, கிணறு வெட்டிப் பூதத்தைக் கிளப்பப் போனாயா? அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினாய். இன்றைக்கு வேறு மாதிரி தெரிகிறது. முப்பத்தாறு வருடத்தில் மணல் நிறம் மாறக் கூடாதா? ரிட்டயர் ஆகி ஒன்பது வருடம் ஆன பிறகு உன்னை யார் கேட்டார்கள்? பெரிய பெரிய இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே. நீ கூட்டத்தில் பேசுகிற ஆளும் இல்லை. என் கல்யாணத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு மாடியில் போய் ஒளிந்துகொண்டாய்.

இதை வேறு யாரிடமாவது சொன்னாயா? அதை மட்டும் உடனே எழுது.

அக்கா

*

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. நீ நலம் என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறாய். முழங்காலைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுகிறவள். அதனால் நம்பிக்கையில்லை.

சிப்பி எடுக்கும் அம்மாளிடம் மட்டும்தான் சொன்னேன். இப்போது நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தெரிந்திருக்கும்.

போன வாரம் புயல். அதற்கு முன்பே குடாவில் ஆறு குச்சிகளை அடையாளமிட்டு நட்டிருந்தேன். புயல் முடிந்து போனால் நான்கு குச்சிகள் இல்லை. மிச்சம் இரண்டில், மூன்று சாண் மணலைக் காணோம். கடைசி வீட்டின் படிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. முனையிலிருந்தும் தூண்கள் இடிந்து விழுந்திருந்தன. நேற்றிலிருந்து அலை புது மணலைத் திருப்பித் தருகிறது. முனை மழுங்காத புதுத் துகள், விரலில் குத்துகிறது. பழைய மணல் குத்தாது.

நிறம் மாறக் கூடாதா என்று கேட்டாய். மாறவில்லை. இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு என்னிடம் மூன்று பைகள் இருந்தன. முகத்துவாரத்தில் ஒன்று நிரப்பினேன். நடுக்கரையில் ஒன்று. மூன்றாவது குடாவுக்கு. திட்டுவரை போனேன். அலை அடித்தது. எனக்கு நீச்சல் தெரியாது. முக்கால் மணி நேரம் நின்றேன். பிறகு திட்டுக்கு இந்தப் பக்கமே குனிந்து மணலை அள்ளிப் பையில் போட்டு, சீட்டில் "குடா" என்று எழுதினேன். மறுநாள் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் மூன்று பையும் ஒரே மணல் என்றார்கள். ஒரே மணல்தானே. அதை அறிக்கையாக எழுதினேன்.

குடாவைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. படித்தவர்கள் குடாவைப் பார்க்கவில்லை. அதனால் அது பிழைத்திருந்தது.

கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். சொல்வேன் என்று நானே நம்பாததால் உனக்கு எழுதி வைக்கிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 10

தம்பி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். சாக்கு சொல்ல முழங்கால் இருக்கிறது, ஆனால் காரணம் அது இல்லை.

அந்தச் சுவரைக் கட்டப் போகிற கம்பெனியில் உன் மருமகன் போன வருடம் சேர்ந்தான். அந்த வேலை முழுவதும் அவன் பொறுப்பு. உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுத நினைத்தேன். நீ பெருமைப்படுவாயா பயப்படுவாயா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். உன் அறிக்கையைப் பழைய அலமாரியிலிருந்து தேடி எடுத்ததே அவன்தான். ஆபீசில் எல்லாரிடமும், "எங்க மாமா எழுதினது, ஒரு புள்ளி தப்பா இருக்காது" என்று சொன்னானாம்.

அவன் அப்பா போன பிறகு அவனுக்குக் கணக்கும் வரைபடமும் சொல்லிக் கொடுத்தது நீ. இப்போது நீயே போய்க் கூட்டத்தில் நின்று அது பொய் என்றால் அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. கேட்கிறேன், போகாதே. இருமல் என்று சொல்லிக் கிளம்பி இங்கே வந்துவிடு.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு முறை எழுதிக் கிழித்ததால் தாமதம்.

என்னை அவன் நம்பியது அவன் குற்றமாகாது. அவன் காட்டிய தாளில் பொய் எழுதியது நான். அதனால்தான் அதைச் சொல்ல வேண்டியவனும் நான். வேறு யார் சொன்னாலும் அவன் மீதுதான் விழும்.

நான் வரவில்லை. நீ கேட்டு நான் மறுப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சரிபார்த்தேன், முதல் தடவைதான்.

உன் தம்பி

*

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். பதில் வராவிட்டாலும் நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று ஏலக் கூடத்தில் கூட்டம். தரையைக் கழுவி நாற்காலி போட்டிருந்தார்கள். முன் மேசையில் விசாரணை அதிகாரி அம்மாள், பக்கத்தில் மருமகன். மெலிந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். ஒன்பது பேருக்குப் பிறகு என் முறை. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். "குரல் கேக்கல" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். இரண்டு முறை திரும்ப ஆரம்பித்தேன். மூன்றாவது பையைப் பற்றி எழுதியதையும் படித்தேன்.

முடித்ததும் மருமகன் மைக்கை எடுத்தான்.

"முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றது மட்டும் நிஜம்னு எப்படி நம்புறது, சார்?"

சார் என்றான். எனக்கு அந்த ஒரு சொல் போதும், உட்கார்ந்திருப்பேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நான் சொல்லிக் கொடுத்த மாதிரிக் கேள்வி.

"நம்பாதீங்க" என்றேன். "என்னை நம்பினதாலதான் இந்த அறிவிப்பு சுவர்ல ஒட்டியிருக்கு. குடாவுக்குப் போய் உங்க கையால அள்ளிப் பாருங்க. பாக்காம உடைக்கக் கூடாது. அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

கடைசி வரி தாளில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சிப்பி எடுக்கும் அம்மாள் பின்னாலிருந்து, "திட்டைத் தாண்டப் பயமா இருந்தா சொல்லுங்க, சாரைத் தூக்கிட்டுப் போன மாதிரி தூக்கிட்டுப் போறேன்" என்றாள். கூடம் சிரித்தது. அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். என் வாக்குமூலம் நின்றால் பழைய அறிக்கை தள்ளுபடி, ஒரு வருடம் புது ஆய்வு, அதுவரை வெடி இல்லை என்றார்.

வெளியே மருமகனுக்காகக் காத்திருந்தேன். பின்வழியாகப் போய்விட்டான்.

உன் தம்பி

*

மே 29

தம்பி,

நலமா? இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன் மருமகன் டைப் செய்தது. உனக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் தடுமாறுகிறது, கூட்டத்தில் சொன்னது குழப்பத்தில் சொன்னது என்று இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் அவமானம் இல்லை, உன் பழைய பெயரும் கெடாது என்கிறான். வயதானவர்களுக்கு மறதி சகஜம்தானே என்கிறான்.

அவன் சொன்னதை எழுதிவிட்டேன்.

அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடல்நிலை நன்றாக இருக்கிறது, ஞாபகம் உட்பட.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். என் வயது எழுபத்தொன்று இல்லை, அறுபத்தொன்பது. ஆய்வு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, புதன் இல்லை. முகத்துவாரத்திலிருந்து குடா இரண்டு கிலோமீட்டர் இல்லை, ஆயிரத்து நானூற்று அறுபது மீட்டர். மறதிக்காரன் திருத்திய தாள் என்று சொல்லி மருமகனிடம் கொடு.

இன்னொரு விஷயம். நேற்று அதிகாரி என்னைக் கூப்பிட்டு வேறொரு தாளைக் காட்டினார். ஒரு வருடமாக எனக்கு ஆள் அடையாளம்கூடத் தெரிவதில்லை என்று அதில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தது கூடப் பிறந்த அக்கா என்றும் இருக்கிறது. தேதி மே 27. நீ எனக்குக் கடிதம் எழுதியதற்கு இரண்டு நாள் முன்பு. உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இது உங்க அக்கா கையெழுத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அது உன் கையெழுத்து. ஆனால் அதில் உள்ளது உண்மை இல்லை என்று நானும் எழுதிக் கொடுத்தேன். கூடப் பிறந்தவர் சொல்வதற்கு எடை அதிகமாம். ஜூலை பதினைந்துக்குள் வேறு எதுவும் வராவிட்டால் என் வாக்குமூலத்தை ஒதுக்கிவிடுவாராம். பழைய அறிக்கை நிற்கும். வெடி வைப்பார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அறையை இன்னும் ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொண்டேன். தினம் காலையில் குடாவில் மணலை அளக்கிறேன். என்னைப் பைத்தியம் என்று எழுதினாலும் அளப்பேன். உடைக்க வந்தாலும் அங்கேதான் நிற்பேன். பயமாகத்தான் இருக்கிறது. திட்டை இப்போது தனியாகத் தாண்டுகிறேன்.

உன் தம்பி

*

ஜூலை 9

என் தம்பிக்கு,

ஒரு மாதம் உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். பொய். கண்ணாடி போட்டிருந்தேன். முழுக்கப் படித்தேன். "ஒரு சின்னக் கையெழுத்தும்மா" என்றான். பிள்ளை முகம் வாடியிருந்தது. போட்டேன். நீ முக்கால் மணி நேரம் நின்றாய், நான் அவ்வளவு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நீ சிவப்பு மையில் திருத்திய தாளை அவனிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். "மாமா தூரத்தைக்கூடத் திருத்தியிருக்காரு" என்றான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆபீசுக்குக் கிளம்பினான். அப்போதுதான் எனக்குக் கோபம் மூண்டது.

நேற்று ஆட்டோ பிடித்துத் தபால் ஆபீசுக்குப் போனேன். பன்னிரண்டு படி. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், நகல் இத்துடன். என் தம்பிக்கு எந்த மறதியும் இல்லை, அவனுக்குப் பிறந்ததிலிருந்து எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதுதான் அவனிடம் எங்களுக்குத் தொல்லை, நான் தெரிந்தே பொய்ச் சாட்சி எழுதினேன், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். என்ன தண்டனையோ கொடுக்கட்டும். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதே. பதினைந்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன்.

உன் மருமகனிடம் நானே சொன்னேன். "நீயுமாம்மா?" என்றான். ஆமாம்டா, நானும்தான் என்றேன். நேற்றிலிருந்து பேசவில்லை. நானும் பேசவில்லை. யாருக்கு முதலில் பசிக்கிறதென்று பார்க்கலாம், சமையல் என் கையில்தான் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நீயும் பெரிய மனது பண்ணி ஆறுதல் சொல்லி எழுதாதே. கோபமாகவே எழுது, அது எனக்குப் பிடித்திருந்தது. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், முழங்கால் வீங்கியிருக்கிறது, இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, டாக்டர் திட்டினார். இருபது வருடத்தில் நான் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

உன் அக்கா